காய்த் தோல்ல ஒட்டிக்கிட்டிருக்கிற ஆரஞ்சு

ரெண்டு வேற வேற மரத்துக்கு ஒரே பேரை வச்சு வித்துக்கிட்டிருக்காங்க. அதுல வந்த எரிச்சல்தான் இந்தப் பதிவு. நீளமாத்தான் போகும், டீயைப் போட்டுட்டு வந்து உக்காருங்க.

விஷயம் இதுதான். கபில மரக் கன்னு வேணும்னு ஒரு நர்சரியில சொல்லி வச்சிருந்தேன். "சிந்தூர மரம்தானேம்மா? வந்துடும்"னு சொன்னாங்க. வந்துச்சு. அரச இலை மாதிரி இதய வடிவ இலை, தண்டுல சிவப்பு ஓடுது. பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சு, இது சாப்பிரா. தென் அமெரிக்காவுல இருந்து வந்த மரம். வெண்ணெய்க்கும் சீஸுக்கும் மஞ்சள் நிறம் கொடுக்கச் சேர்ப்பாங்களே, அந்த அனாட்டோ சாயம் இதோட விதையில இருந்துதான் வருது.

நல்ல மரம்தான், நான் குறை சொல்லலை. ஆனா நான் கேட்டது அது இல்ல.

வடநாட்டுல கபில மரத்துக்கும் சிந்தூர்னு ஒரு பேர் உண்டு, சாப்பிராவுக்கும் அதே பேர் உண்டு. நெட்டுல "சிந்தூர மரம்"னு தேடுனா ரெண்டு மரத்தோட படமும் கலந்து கட்டி வருது. ஒரு மரத்தோட இலை, இன்னொரு மரத்தோட காய், மூணாவதா ஏதோ ஒரு மரத்தோட மருத்துவ குணம். அதைப் படிச்சுட்டு யாராவது பொடியை வாயில போட்டா என்ன ஆகும்? (அதுக்குப் பின்னாடி வரேன். அது ரொம்ப முக்கியம்.)

பிரிச்சுப் பார்க்குறது ரொம்ப சுலபம். சாப்பிராவுல நிறம் காய்க்கு உள்ள இருக்கும். முள்ளு முள்ளா, ஆனா கையைக் குத்தாத மெத்து முள்ளோட ஒரு காய். அதைப் பிளந்தா உள்ள விதை மேல செக்கச் செவேல்னு ஒரு பூச்சு.

கபில மரத்துல நிறம் காய்க்கு வெளிய இருக்கும். காய் ரொம்பச் சின்னது, பட்டாணி அளவுதான். மூணு பக்கம் புடைச்சிருக்கும். கொத்துக் கொத்தா காய்ச்சுப் பழுக்குறப்ப அதோட தோல் முழுக்க ஒரு சிவப்புத் தூள் படிஞ்சிருக்கும். அந்தத் தூள்தான் சாயம். உள்ள இருக்கிற கறுப்பு விதையில சாயம் கிடையாது.

நம்ம நாட்டு மருந்துக் கடையில அதுக்குப் பேர் கபிலப் பொடி. மரத்துக்கு இன்னும் சில பேர் உண்டு. எனக்குப் பிடிச்சது குரங்கு மஞ்சணத்தி. இங்கிலீஷ்லயும் இதைக் குரங்கு முகத்து மரம்னு சொல்றாங்க. குரங்குங்க இந்தக் காயை மூஞ்சியில தேய்ச்சுக்கிட்டுச் சிவப்பாத் திரியும்னு ஒரு கதை. குரங்கு தேய்க்குறதை நான் பார்த்ததில்ல. ஆனா மனுஷப் புள்ளைங்க தேய்ச்சது எனக்குத் தெரியும், அதையும் சொல்றேன்.

நான் வேலை பார்க்குறது கும்மிடிப்பூண்டி சிப்காட்ல, ஒரு கம்பெனியோட லேப்ல. எங்ககூட ஒரு தம்பி இருக்கார், ஜவ்வாது மலைக்காரர், ஜமுனாமரத்தூர் பக்கம். நான் இந்த மரத்தைப் பத்திப் புலம்புறதைக் கேட்டுட்டு ஒரு நாள் போன்ல படத்தை வாங்கிப் பார்த்தார்.

"இதுவாக்கா? இது எங்க மலையில கொட்டிக் கெடக்கும்க்கா. சின்ன வயசுல மூஞ்சியில பூசிக்கிட்டு சாமி வந்த மாதிரி ஆடுவோம்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க! பக்கத்து டேபிள்ல உக்காந்திருக்கார் மனுஷன். அடுத்த தடவை ஊருக்குப் போனப்ப ஒரு துணிப்பை நிறையக் காய் கொண்டாந்தார். பங்குனி வெயில்ல பஸ்ல வந்த காய். பையோட உள்பக்கம் பூரா செங்கல் நிறம்.

காயை ஒரு மூங்கில் கூடையில போட்டு, கையால உருட்டி உருட்டித் தேய்ச்சா தூள் உதிரும். கீழ ஒரு துணி விரிச்சு வச்சுப் பிடிக்கணும். அப்புறம் மெல்லிய துணியில சலிச்சா காம்புத் துணுக்கு, இலைத் துணுக்கெல்லாம் மேல நின்னுடும். தலைமுறை தலைமுறையா மலைப்பக்கத்துல இப்படித்தான் எடுத்திருக்காங்க. அரைக்கக் கூடாது. அரைச்சா தோலும் விதையும் சேர்ந்து பொடியாகிடும். கூடை நிறையக் காய் உருட்டுனா கைக்குள்ள அடங்குற அளவு தூள்தான் வருது. அதனாலதான் இதுல இவ்வளவு கலப்படம் நடக்குதுன்னு அப்பதான் புரிஞ்சுது.

தூளை மைக்ராஸ்கோப்புல வச்சுப் பார்த்தோம் (லேப்ல வேலை பார்க்குறதுல இப்படி ஒரு சுகம்). தூள்னு நாம சொல்றது உண்மையில உருண்டை உருண்டையான குட்டிக் குட்டிப் பிசின் பைங்க. நடுநடுவுல நட்சத்திரம் மாதிரி விரிஞ்ச ரோமங்க. காய் தன்னைச் சுத்திப் பிசின் சுரப்பிகளா வளர்த்து வச்சிருக்கு. அதே மாதிரி சுரப்பிங்க இலையோட அடிப்பக்கத்துலயும் சிவப்புப் புள்ளியா இருக்கும். மரத்துல காய் இல்லாத காலத்துல அடையாளம் கண்டுபிடிக்க அதான் வழி. இலையைத் திருப்பிப் பாருங்க. அடியில இருந்து மூணு நரம்பு கிளம்பும், சிவப்புப் புள்ளி தெறிச்சிருக்கும்.

இப்ப நான் சந்தோஷத்துல கத்துன இடத்துக்கு வரேன்.

தம்பி காயை உருட்டி முடிச்சுட்டுக் கை கழுவப் போனார். வெறும் தண்ணியில கழுவுனா ஒண்ணுமே நடக்கல, தூள் தண்ணியை ஒட்டவே விடல. சோப்பு போட்டார் பாருங்க... விரலெல்லாம் ரத்தச் சிவப்பு! நுரை ஆரஞ்சு! "அக்கா, கையைக் கிழிச்சுக்கிட்டேனா?"ன்னு பதறிட்டார். கிழியல. சோப்பு காரத்தன்மை உள்ளது. இந்தப் பிசின் தண்ணியில கரையாது, காரத்துல கரையும், கரையுறப்ப ஆழ்ந்த சிவப்பாகும். கபிலச் சாயத்தோட மொத்த வித்தையும் அந்த வாஷ்பேசின்லயே நடந்துடுச்சு.

அந்தக் காய் தீர்ந்ததும் கடைப் பொடி வாங்கலாம்னு நாட்டு மருந்துக் கடைங்களுக்குப் போனேன். ஒரு கடையில பெரியவர் கேட்டார்:

"யாருக்கும்மா? வயித்துப் பூச்சிக்கா?"

"இல்லீங்கய்யா, துணிக்குச் சாயம் போட."

"துணிக்கா!"ன்னு சிரிச்சார். "முன்னெல்லாம் அதுக்கும் கேப்பாங்கன்னு எங்கப்பா சொல்லியிருக்கார்."

அவர் கேட்டதுலயும் நியாயம் இருக்கு. ஆயுர்வேதத்துல கம்பில்லகம்னு சொல்றது இதைத்தான். நாடாப்புழுவை வெளியேத்த ரொம்பக் காலமா கொடுத்துருக்காங்க. 19-ஆம் நூற்றாண்டுல ஐரோப்பிய மருத்துவமும் இதை எடுத்துக்கிச்சு. ஆனா இது பலமா பேதியாக்குற சரக்கு, குமட்டலும் வரும். இயற்கைதானேன்னு ஸ்பூன்ல அள்ளிப் போடுற சமாச்சாரம் கிடையவே கிடையாது. சாப்பிரா சமையலுக்கு, கபிலம் துணிக்கு. நெட்டுல ரெண்டையும் குழப்புறாங்கன்னு நான் ஏன் இவ்வளவு கோபப்படுறேன்னு இப்பப் புரியுதா? சித்த, ஆயுர்வேத மருத்துவர் கொடுத்தா வேற விஷயம். நீங்களா போடாதீங்க.

சரி, கடைப் பொடி. ஒரு கடையில (பேர் வேணாம்) வாங்குனது பார்க்க அழகா இருந்துச்சு, நல்ல செங்காவி. ஒரு டம்ளர் பச்சைத் தண்ணியில சிட்டிகை போட்டேன். பாதி கீழ போய் உக்காந்துடுச்சு. சுத்தமான கபிலப் பொடி தண்ணியில மிதக்கும், ஏன்னா அது பிசின். கீழ இறங்குனது செங்கல் பொடியோ காவிமண்ணோ. இது நேத்து வந்த திருட்டு இல்ல. நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி எழுதுன மருந்துச் சரக்குப் புத்தகங்கள்லயே கபிலத்துல மண்ணும் செங்கலும் கலக்குறாங்கன்னு எழுதியிருக்காங்க.

இன்னொரு சோதனையும் உண்டு. விரலை ஈரம் பண்ணி, பொடியைத் தொட்டு, வெள்ளைத் தாள்ல இழுத்துப் பாருங்க. நல்ல பொடின்னா வழுவழுன்னு மஞ்சளா இழுக்கும். செங்கல்னா நறநறன்னு சிவப்பாவே நிக்கும். வாங்குறதுக்கு முன்னாடி கடையிலயே செஞ்சு பார்த்துடலாம், கடைக்காரர் முகம் கொஞ்சம் மாறும், பரவாயில்ல. (மூணாவதா, தூளை நெருப்புல தூவுனா பக்குன்னு பத்தும். அதை வீட்டுக்குள்ள செய்ய வேணாம்.)

சாயம் போட்ட கதைக்கு வருவோம்.

வில்லியம் ராக்ஸ்பர்க்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர். கம்பெனி ஆட்சியில மருத்துவரா வந்து, ஆந்திராவுல சாமல்கோட்டையில தோட்டம் போட்டு, அப்புறம் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பா போனவர். சோழமண்டலக் கரையோட செடிகொடிகளைப் பத்திப் படங்களோட பெரிய பெரிய புத்தகமாப் போட்டார். அதோட ரெண்டாம் தொகுதியில, 1798-ல, நம்ம மரம் வருது. பட்டுச் சாயக்காரங்க எப்படிப் போடுவாங்கன்னு கேட்டு எழுதி வச்சிருக்கார். நாலு பங்கு கபிலப் பொடி, ஒரு பங்கு படிகாரம், ரெண்டு பங்கு சோடா உப்பு. மூணையும் கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு ஒண்ணாக் குழைச்சு, கொதிக்கிற தண்ணியில போட்டு, பட்டைப் புரட்டிப் புரட்டி எடுக்கணும்.

இந்தக் கைப்பக்குவத்தைப் பார்த்ததும் என் லேப் மூளைக்கு முதல்ல உறுத்துனது நல்லெண்ணெய். சாயத்துல எதுக்கு எண்ணெய்? செஞ்சு பார்த்தப்ப விளங்கிடுச்சு. எண்ணெய் இல்லாம போட்டா பொடி மேலயே மிதந்து, உருண்டு, அண்டா ஓரமா ஒட்டிக்கிட்டு அடம் பிடிக்குது. எண்ணெய் விட்டுக் குழைச்சா பிசின் இளகி, சோடா உப்பு அதுக்குள்ள போய் வேலை செய்யுது. அப்புறம் கரைச்சல் தண்ணியோட சேருது.

அடுத்து படிகாரம். படிகாரம் புளிப்பு, சோடா காரம். ரெண்டும் தண்ணியில சேர்ந்ததும் நுரைச்சுப் பொங்கும் (பெரிய பாத்திரமா எடுங்க, அடுப்பு பாழாகிடும்). அந்தப் பொங்கல்ல சோடாவோட காரம் கணிசமா குறைஞ்சிடுது. பட்டுக்கு காரம் ஆகாது, நார் செத்துப்போய் சொரசொரன்னு ஆகிடும். படிகாரம் ஒரே நேரத்துல சாயத்தை நாரோட கட்டவும் செய்யுது, பட்டைக் காப்பாத்தவும் செய்யுது. பி.எச். மீட்டர் இல்லாத காலத்துல ஒரு சாயக்காரர் இந்தக் கணக்கைக் கண்டுபிடிச்சிருக்கார். அவர் பேரை யாரும் எழுதி வைக்கல. எனக்கு அதுதான் தாங்கல.

பட்டு நூல் காஞ்சிபுரத்துல எங்க பெரியப்பா வீட்டுல இருந்து வந்துச்சு. பெரியப்பா காலம் பூரா தறியில உக்காந்தவர். போன்ல சொன்னப்ப ஒரே கேள்விதான் கேட்டார்:

"பிசின் எடுத்த பட்டாம்மா, எடுக்காததா?"

"எடுத்ததுதான் பெரியப்பா."

"அப்பச் சரி. தண்ணி தளபுளன்னு கொதிக்க வேணாம். கை வைக்க முடியாத சூடு போதும். நூலை நிக்க விடாதே, நின்ன இடத்துல திட்டு விழும்."

முதல்ல சோடாவைக் கூட வச்சுப் பார்த்தேன். நிறம் ஆழமா ஏறுச்சு, ஆனா பட்டோட மினுக்கு போயிடுச்சு. குறைச்சா மினுக்கு நிக்குது, நிறம் எலுமிச்சை மஞ்சள்லயே நின்னுடுது. ராக்ஸ்பர்க் எழுதுன அளவுக்கே திரும்பி வந்து, சூட்டை மட்டும் பெரியப்பா சொன்ன மாதிரி வச்சுக்கிட்டு, நேரத்தை நீட்டுனேன். வந்துச்சு பாருங்க ஒரு நிறம்... நல்லா எரியுற அடுப்போட நடுத்தணல். மஞ்சளும் இல்ல, சிவப்பும் இல்ல. கடையில விக்கிற கெமிக்கல் ஆரஞ்சு கண்ணைக் குத்தும். இது கண்ணை இழுத்து உக்கார வைக்குது.

படிகாரமே போடாம ஒரு கழியை எடுத்தேன், அது வெளிர் மஞ்சள். இரும்புத் துரு ஊறுன தண்ணியில முக்குனது பழுப்பு. அந்தப் பழுப்பும் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆரஞ்சைப் பார்த்த கண்ணுக்கு அது பிடிக்கல.

பருத்தி? பருத்தியில இது சரியா ஏறாது. பட்டு, கம்பளி ரெண்டும் உயிர்ப் புரதம், இந்தப் பிசினைக் கவ்விக்கும். பருத்தி கவ்வாது, வெளிறிப்போய் நிக்கும். அதனாலதான் நம்ம சோழமண்டலக் கரையில பருத்தித் துணிக்குச் சிவப்பு வேணும்னா வேற ஒண்ணைத் தேடிப் போனாங்க. அது சாயவேர்.

சோப்புக்குக் கபிலம் அசையல. வெயில்ல தொடர்ந்து போட்டா மெல்ல வெளிறுது. அதனால பட்டை நிழல்ல காய வைங்க, எப்படியும் பட்டை அப்படித்தானே காய வைக்கணும்.

சாயவேர்னு சொன்னதும் பழவேற்காடு வந்தே ஆகணும்.

கும்மிடிப்பூண்டின்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது இரும்பு. உருக்காலை, கம்பி உருட்டுற ஆலை, லாரி, தூசி. வெளியூர்க்காரங்க "அங்க என்ன இருக்கு?"ம்பாங்க. இங்க இருந்து கொஞ்ச தூரத்துல இருக்கிற பழவேற்காட்டுல டச்சுக்காரங்க 1613-ல கெல்ட்ரியா கோட்டையைக் கட்டுனது எதுக்கு? துணிக்கு. இந்தக் கரையில நெய்ஞ்சு, சாயம் போட்ட துணியை ஏத்திக்கிட்டுப் போய்த்தான் கிழக்குத் தீவுகள்ல மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்குனாங்க. அங்க இருக்கிறவங்க வெள்ளியைவிட நம்ம துணியைத்தான் கேட்டாங்க. துவைக்கத் துவைக்கப் போகாத அந்தச் சிவப்பு மணல் பாங்கான நிலத்துல தோண்டி எடுத்த சாயவேர்ல இருந்து வந்தது. சாயம் நம்ம பகுதிக்குப் புதுசு கிடையாது. இரும்புதான் புதுசு. நம்ம பசங்களுக்குப் பள்ளிக்கூடத்துல இதை யாராவது சொல்றாங்களா?

இதே மாவட்டத்துல அந்தக் கடைசியில, பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் இன்னைக்கும் தறி ஓடுது. நம்மகிட்ட நெசவும் இருக்கு, தொழிற்பேட்டையும் இருக்கு, நடுவுல இருந்த சாயக்காரர்தான் காணாம போயிட்டார்.

எப்படிப் போனார்? 1856-ல லண்டன்ல வில்லியம் பெர்கின்னு ஒரு பையன், பதினெட்டு வயசு, மலேரியாவுக்கு மருந்து செய்யப் போய் ஒரு ஊதாச் சாயத்தைக் கண்டுபிடிச்சார். 1869-ல சாயவேருக்கு உயிரா இருந்த அலிசரினையே தார்ல இருந்து செஞ்சுட்டாங்க. அப்புறம் அவுரிக்கும் அதே கதி. ஒவ்வொரு சாயமா விழுந்துச்சு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச செய்தி என்னன்னா, அந்தப் பெர்கினோட மகன் ஆர்தர் ஜார்ஜ் பெர்கின் தன்னோட வாழ்நாளைச் செடிச் சாயங்களை ஆராயுறதுலயே செலவு பண்ணினார். அவர் எடுத்து ஆராய்ஞ்ச சாயங்கள்ல நம்ம கபிலமும் ஒண்ணு.

கபிலத்துல இருக்கிற முக்கியமான நிறப்பொருளுக்கு ராட்லெரின்னு பேர். அந்தப் பேருக்குப் பின்னாடி இருக்கிறவர் நம்ம ஊர்க்காரர்னே சொல்லலாம். யோஹான் பீட்டர் ராட்லர். ஸ்ட்ராஸ்பர்க்ல பிறந்து 1776-ல தரங்கம்பாடிக்கு மிஷனரியா வந்தவர். வந்த இடத்துல செடி சேர்க்க ஆரம்பிச்சு, தென்னிந்தியா பூரா அலைஞ்சு, இலங்கைக்கும் போய், ஆயிரக்கணக்கா உலர்த்தி ஒட்டி வச்சார். பின்னாடி சென்னை வேப்பேரிக்கு வந்து அங்கயே 1836-ல காலமானார். பெரிய தமிழ்-ஆங்கில அகராதி ஒண்ணும் செஞ்சவர் அவர். ராக்ஸ்பர்க் இந்த மரத்துக்கு ராட்லெரா டிங்க்டோரியான்னு அவரைக் கௌரவிச்சுப் பேர் வச்சார். அப்புறம் வகைப்பாடு மாறி இப்ப மரம் மல்லோட்டஸ் பிலிப்பென்சிஸ் ஆகிடுச்சு. பிலிப்பைன்ஸ் பேர் வந்ததுக்காக அது வெளிநாட்டு மரம்னு நினைச்சுடாதீங்க. இமயமலை அடிவாரத்துல இருந்து நம்ம மேற்கு, கிழக்குத் தொடர்ச்சி மலைங்க, இலங்கை, சீனா, ஆஸ்திரேலியா வரைக்கும் தானா வளர்ற மரம் இது. ஜவ்வாது, கொல்லிமலை, ஏற்காடு எல்லாத்துலயும் உண்டு.

ராட்லர் சேர்த்த செடிங்க இப்ப லண்டன் கியூ தோட்டத்துல இருக்கு. அவர் வாழ்ந்த வேப்பேரியோ, கும்மிடிப்பூண்டி லோக்கல்ல சென்ட்ரல் போய் இறங்குனா நடக்குற தூரத்துல இருக்கு. தினமும் அந்த ரயில்ல போறவங்க நாம.

ராட்லெரின் இன்னைக்கும் உலகத்துல நிறைய ஆராய்ச்சிக்கூடங்கள்ல சின்னச் சின்னக் குப்பியில இருக்கு, ஆனா சாயத்துக்காக இல்ல. செல்லுக்குள்ள வேலை செய்யுற ஒரு வகை நொதியைத் தடுக்கும்னு 1994-ல ஒரு கட்டுரை வந்துச்சு. அதுல இருந்து ஆயிரக்கணக்கான சோதனையில இதைப் போட்டாங்க. அப்புறம் இது அந்த நொதியை மட்டும் பார்த்து அடிக்குறதில்ல, வேற பலதையும் தொடுதுன்னு தெரிய வந்து, இப்ப ஜாக்கிரதையா பயன்படுத்துறாங்க. நம்ம மலையில குழந்தைங்க மூஞ்சியில பூசி விளையாடுன பொடி இவ்வளவு தூரம் போயிருக்கு.

இப்ப நான் நிஜமா சொல்ல வந்தது.

நம்ம தொழிற்பேட்டைங்களைச் சுத்திப் பசுமை வளையம் போடணும்னு விதி இருக்கு. போடவும் போடுறாங்க. ஆனா என்ன மரம்? சீக்கிரம் வளரணும், பச்சையாத் தெரியணும், படம் எடுக்கணும். அதனால வருஷக்கணக்கா கோனோகார்பஸா நட்டுத் தள்ளுனாங்க. 2025-ல தமிழ்நாடு அரசே அதை நடத் தடை போட்டுடுச்சு. நல்லது. இப்ப எல்லா இடத்துலயும் "அப்ப எதை நடுறது?"ன்னு கேள்வி வருது. பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-ல இருந்து நாட்டு மரம் நடுங்கன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கு.

என்னோட பதில்: மத்த நாட்டு மரங்களோட கபில மரமும் இருக்கட்டும். ரொம்ப உயரமா போகாது, கம்பியில இடிக்காது. இலை முழுசா உதிர்ந்து மொட்டையா நிக்காது. வறட்சியைத் தாங்கும். கொஞ்சம் நிழல்லயும் வளரும், அதனால பெரிய மரங்களுக்கு இடையில நடலாம். வேகமா வளராதுதான், அதையும் சொல்லிடுறேன். அவசரக்காரங்களுக்கான மரம் இல்ல.

ஒண்ணை மட்டும் மறக்காதீங்க. இதுல ஆண் மரம் வேற, பெண் மரம் வேற. ஒத்தை மரம் நட்டுட்டு "பூக்குது, காய்க்கவே மாட்டேங்குது"ன்னு திட்டுனா பாவம் அது என்ன செய்யும்? ஆண் மரமா இருக்கும். கன்னா இருக்கிறப்ப ஆணா பெண்ணான்னு தெரியாது. அதனால கூட்டமா நடணும். பசுமை வளையத்துல எப்படியும் கூட்டமாத்தானே நடுறோம்!

இயற்கைச் சாயம்னாலே சுத்தம்னு நான் சொல்ல மாட்டேன். படிகாரத் தண்ணியையும் சோடாத் தண்ணியையும் ஓடையில கொட்டுனா அதுவும் அசுத்தம்தான். குரோமியமும் தகர உப்பும் போட்டுட்டு "இயற்கை"ன்னு ஸ்டிக்கர் ஒட்டுறவங்களும் இருக்காங்க. திருப்பூர்ல நொய்யல் பட்ட பாட்டைப் பார்த்துட்டு 2011-ல சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைங்களை மூடச் சொல்ற அளவுக்குப் போச்சு. ஊருக்கெல்லாம் கபிலத்துல சாயம் போட முடியாது, கூடைக் காய்க்குக் கைப்பிடித் தூள்னு சொன்னேனே. நான் கேக்குறது அதைவிடச் சின்னது. ஒரு மாவட்டத்துல கொஞ்சம் தறிக்காரங்க, கொஞ்சம் மரம், கொஞ்சம் பட்டு. காஞ்சிபுரமோ ஆரணியோ நம்ம பள்ளிப்பட்டோ, "இந்த ஆரஞ்சு தொழிற்பேட்டை மதிலோரத்துல காய்ச்சது"ன்னு சொல்லி ஒரு சேலையை விக்க முடியணும்.

தேர்வாய் கண்டிகையில சிப்காட்டுக்காக ஆயிரம் ஏக்கருக்கு மேல எடுத்தப்ப அந்த ஊர் மக்கள் எவ்வளவு போராடினாங்க. அது அவங்களுக்கு மேய்ச்சல் காடு, விறகு, மூலிகை எல்லாம். அந்த இடத்துல இன்னைக்கு ஆலை நிக்குது, பக்கத்துல 2020-ல திறந்த நீர்த்தேக்கம் சென்னைக்குத் தண்ணி கொடுக்குது. போன காடு திரும்பாது. ஆனா ஆலை மதிலுக்கு உள்ளயும் வெளியவும் நடுற மரம் ஊர்க்காரங்களுக்கு ஒரு பைசா வருமானம் தர்ற மரமா இருக்கட்டும்னு கேக்குறதுல என்ன தப்பு? காய் பறிக்கவும், உருட்டவும், சலிக்கவும் மெஷின் வேணாம். கைதான் வேணும். மூக்குல துணி கட்டிக்கிட்டா போதும், தூள் கண்ணுலயும் தொண்டையிலயும் எரியும்.

கன்னு எங்க கிடைக்கும்னு எல்லாரும் கேப்பீங்க. வனத்துறை நாற்றங்கால்ல போய்க் கேளுங்க. பொதுப் பேரைச் சொல்லாதீங்க, மல்லோட்டஸ் பிலிப்பென்சிஸ்னு முழுசாச் சொல்லுங்க, இல்லன்னா சாப்பிராதான் கைக்கு வரும். மலைப்பக்கம் சொந்தக்காரங்க இருந்தா மாசி, பங்குனியில காயைக் கொண்டுவரச் சொல்லுங்க. தூளை உருட்டி எடுத்துட்டு, விதையைப் புதுசா இருக்கிறப்பவே மணல் கலந்த மண்ணுல போட்டுடுங்க. ஜமுனாமரத்தூர் தம்பி கொண்டுவந்த விதையில எனக்கு ஒரு வரிசையே முளைச்சிருக்கு. எங்க கம்பெனி பின்பக்க மதிலோரமா நட்டுக்கலாம்னு மேனேஜர் ஒத்துக்கிட்டார். எது ஆண், எது பெண்ணுன்னு தெரிய இன்னும் சில வருஷம் ஆகும்.

அதுக்குள்ள இன்னொரு வேலை இருக்கு. பருத்தியைக் கடுக்காயில ஊற வச்சு, படிகாரம் ஏத்தி, அப்புறம் கபிலத்துல போட்டா என்ன நிறம் வருதுன்னு பார்க்கணும். ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரிக்காரங்க கடுக்காயும் பாலும் போட்டுத்தான் துணியைத் தயார் பண்றாங்க. அம்மையார்குப்பத்துல இருந்து கைத்தறித் துணி வாங்கி வச்சாச்சு, கடுக்காய் இடிச்சாச்சு. யாராவது இதை ஏற்கெனவே செஞ்சிருந்தா கடுக்காய் எவ்வளவு போட்டீங்கன்னு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை அண்டா ஏத்தப் போறேன்.